இணையச் சந்தையில் தவணை கடந்த பாக்கி: தாராவிச் சிறு உற்பத்தியாளரின் கணக்கிலிருந்து ஒரு பாடம்

சிறுதொழில்களுக்குக் கடன் வசதி அளிப்பது குறித்து நம் நாட்டில் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அவற்றிற்கு வரவேண்டிய பணம் உரிய காலத்தில் வந்து சேராமை குறித்தும் ஆராயப்பட்டு, அதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. ஆனால் சிறு உற்பத்தியாளர் பிறருக்குச் செலுத்த வேண்டிய கட்டணங்கள், அவற்றின் தவணை, தவணை தவறினால் நேரும் விளைவு ஆகியவை பற்றிய ஆராய்ச்சி குறைவு. தாம் செய்த பொருளை இணையச் சந்தைகள் வழியாக விற்போரின் தொகை ஆண்டுதோறும் பெருகிவருகிறது. சந்தை நிறுவனத்திற்கு இவர்கள் செலுத்த வேண்டிய பாக்கி எந்த நாளில் 'தவணை கடந்தது' ஆகிறது? அதன்மீது என்ன விகிதத்தில் தாமதக் கட்டணம் விதிக்கப்படுகிறது? இவ்வினாக்களுக்கு விற்பனையாளர் பலரால் விடை கூற இயலாது. அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்பது இதற்குக் காரணமன்று. ஒப்பந்தமே இவற்றைத் தெளிவாகக் கூறாமல் விட்டுவிடுவது உண்டு.

இப்பொருளை விளக்குவதற்கு மும்பையின் தாராவியை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

தாராவியும் பழைய பற்றுவரவும்

மாஹிம் ஓடையை ஒட்டி, ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த தாராவி, குடியிருப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் ஒருங்கே விளங்குவது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா இங்கு உள்ளது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய தமிழர்கள், தோல் தொழிலுக்கும் சிற்றுண்டித் தயாரிப்புக்கும் அடித்தளம் இட்டவர்களுள் அடங்குவர். தோல் பதனிடும் தொழில் பெருமளவில் இவ்விடத்தை விட்டு அகன்றுவிட்டது. பதனிட்ட தோலைத் தருவித்து, பை, பெல்ட், பணப்பை முதலியவற்றைத் தைக்கும் பட்டறைகளே இப்போது எஞ்சியுள்ளன. ஆயத்த ஆடை, மட்பாண்டம், முறுக்கு, சக்லி முதலியவையும் இங்கிருந்து நகரெங்கும் செல்கின்றன. அண்டையிலுள்ள மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களிடையே, பொருளைத் தாமே செய்யாமல் வாங்கி விற்கும் சிறு வணிகர்களும், வீட்டிலிருந்தே ஊறுகாய், பொடி, துணி வகைகளை விற்கும் பெண்களும் உள்ளனர். சட்டத்தின் பார்வையில் செய்து விற்பவருக்கும் வாங்கி விற்பவருக்கும் வேறுபாடு உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

தாராவியில் கடன் புதிதன்று. தோல் வியாபாரி சரக்கைக் கடனாகத் தருவார். பட்டறைக்காரர் பொருளை மொத்த வியாபாரியிடம் கடனாகத் தருவார். இடையில் கைமாற்று, சீட்டு, வட்டிக் கடை எல்லாம் உண்டு. இம்முறையின் கொடுமைகளை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அதில் ஒரு தெளிவு இருந்தது. கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு, தவணை எந்நாள், வட்டி என்ன என்பது இரு தரப்புக்கும் தெரியும். சட்டமும் இதை வலியுறுத்தியது. கடன் கொடுப்போர், கடன் தொகை, அது திருப்பிச் செலுத்தப்பட வேண்டிய நாள், வட்டி விகிதம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்த அறிக்கையைக் கடனாளியிடம் அளிக்க வேண்டும் என்று 1946ஆம் ஆண்டின் பம்பாய் லேவாதேவிக்காரர் சட்டம் விதித்தது. மகாராஷ்டிர அரசு 2014இல் இதற்கு மாற்றாகப் புதிய சட்டம் கொண்டுவந்தது. இவற்றுக்கெல்லாம் முந்தியது 'தாம்துபட்' என்னும் பழைய இந்துச் சட்ட விதி. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி, அசலின் அளவை மிஞ்சலாகாது என்பது அதன் சாரம். பம்பாய் மாகாண நீதிமன்றங்கள் இதனை ஏற்று நடைமுறைப்படுத்தி வந்தன.

வட்டிக் கடைக்காரர்மீதே இத்தனை கட்டுப்பாடு விதித்த ஒரு நகரில், இணையச் சந்தையின் தாமதக் கட்டணம் குறித்து இதற்கு ஈடான விதி ஏதும் இல்லாதது சிந்திக்கத்தக்கது.

பட்டியல் அனுப்பும் முறையும் பிடித்துக்கொள்ளும் முறையும்

இணையச் சந்தையின் இந்திய வரலாற்றில் மும்பைக்குத் தனி இடம் உண்டு. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்பட்ட பாஸி என்னும் ஏலச் சந்தையை 2004ஆம் ஆண்டு அமெரிக்க நிறுவனமான ஈபே விலைக்கு வாங்கியது. 2017இல் ஈபேயின் இந்தியப் பிரிவு பிளிப்கார்ட் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2018 ஆகஸ்டு மாதம் அத்தளம் மூடப்பட்டது.

ஈபே உலகெங்கும் நெடுங்காலம் கையாண்ட முறை, கட்டணப் பட்டியலை மாதந்தோறும் விற்பனையாளருக்கு அனுப்புவதாகும். பொருளைப் பட்டியலிட்டதற்கு இவ்வளவு, விற்றதற்கு இவ்வளவு என்று கணக்கு வரும். விற்பனையாளர் அதைச் செலுத்த வேண்டும். செலுத்தாவிடில் தவணை கடந்துவிடும். 2021ஆம் ஆண்டை ஒட்டி அந்நிறுவனமும் விற்பனைப் பணத்திலிருந்தே கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் முறைக்கு மாறியது. இந்தியாவின் பெரிய சந்தைகளில் இம்முறையே வழக்கில் உள்ளது. வாடிக்கையாளர் செலுத்தும் தொகை முதலில் சந்தையின் ஏற்பாட்டில் உள்ள கணக்கில் சேர்கிறது. தரகு, நிலையான கட்டணம், கூரியர் கட்டணம், விளம்பரக் கட்டணம், இவற்றின்மீது 18 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை கழிக்கப்பட்டு, மீதி விற்பனையாளருக்குப் பட்டுவாடா செய்யப்படுகிறது. அரசுக்குச் சேர வேண்டிய பிடித்தங்களும் உண்டு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி 2018 அக்டோபர் முதல் 1 சதவீதமாக இருந்த பிடித்தம், 2024 ஜூலையில் அரை சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரிக்கான பிடித்தம் 2024 அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது.

பணத்தை முன்னரே கையில் வைத்திருப்பவருக்குப் பாக்கி எங்ஙனம் ஏற்படும் என்று மாணவர் வினவலாம். இது நியாயமான வினா. விடை திரும்பி வரும் சரக்கில் இருக்கிறது.

ஒரு கணக்கு

கணக்கிற்காகவே ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தில், மூவர் வேலை செய்யும் பெல்ட் பட்டறை. கட்டண விகிதங்களும் எந்த ஒரு நிறுவனத்திற்கும் உரியவையல்ல, விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. அரசின் பிடித்தங்களை எளிமை கருதி விட்டுவிடுவோம்.

தீபாவளி மாதத்தில் 500 ரூபாய் விலையுள்ள 200 பெல்ட்டுகள் விற்கின்றன. விற்பனை 1,00,000 ரூபாய். ஒரு பெல்ட்டுக்குத் தரகு 75 ரூபாய், கூரியர் 60 ரூபாய், நிலையான கட்டணம் 20 ரூபாய், ஆக 155 ரூபாய். இருநூறுக்கும் 31,000 ரூபாய். அதன்மீது வரி 5,580 ரூபாய். பட்டறைக்குக் கிடைப்பது 63,420 ரூபாய். இத்தொகை தோல் வியாபாரிக்கும் பக்கிள் கடைக்கும் கூலிக்கும் உடனே போய்விடுகிறது. பட்டறைக்காரர் மனநிறைவுடன் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்.

அடுத்த மாதம் 50 பெல்ட்டுகள் திரும்பி வருகின்றன. அளவு பொருந்தவில்லை, நிறம் பிடிக்கவில்லை எனக் காரணம் பல. வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டியது 25,000 ரூபாய். திரும்பிக் கொண்டுவரும் கூரியர், ஒன்றுக்கு 70 ரூபாய் வீதம், வரியுடன் 4,130 ரூபாய். தரகை மட்டும் சந்தை விட்டுக்கொடுக்கிறது எனக் கொண்டால், அந்த வகையில் வரவு 4,425 ரூபாய். தீபாவளிக்காகச் செய்த விளம்பரத்திற்கு வரியுடன் 4,720 ரூபாய். ஆகப் பற்று 29,425 ரூபாய். தீபாவளி முடிந்துவிட்டதால் விற்பனையோ 30 பெல்ட்டுகள்தாம். கழிவு போக வரவு 9,513 ரூபாய். மாத முடிவில் பட்டறையின் கணக்கு 19,912 ரூபாய் பற்றில் நிற்கிறது.

இங்கு எவரும் ஏமாற்றவில்லை. கணக்கிலும் பிழை இல்லை. சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எந்த நாள் தவணை நாள்?

இந்த 19,912 ரூபாய் எந்நாளில் செலுத்தப்பட வேண்டியது? சரக்கு திரும்பிய நாளிலா, கணக்கு அறிக்கை வெளியான நாளிலா, அடுத்த விற்பனையில் கழிக்க முயன்று பணம் போதாமற்போன நாளிலா? 'உரிய தொகைகளை நிறுவனம் எவ்வகையிலும் எந்நேரத்திலும் வசூலித்துக்கொள்ளலாம்' என்ற போக்கில் எழுதப்படும் ஷரத்து, வசூலிக்கும் உரிமையைக் கூறுகிறதே ஒழியத் தவணையைக் கூறவில்லை. தவணை நாள் இன்றேல் தவணை கடத்தலும் இருக்க முடியாது. ஆயினும் தாமதக் கட்டணம் மட்டும் இருக்கிறது. சட்டம் பயிலும் மாணவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். பட்டறைக்காரருக்கு இது வேடிக்கையன்று. அவர் பணம் புரட்ட வேண்டிய நாள் எது என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது, வரவு எந்தக் கடனுக்கு ஈடு செய்யப்படுகிறது என்னும் வினா. இது பலரும் கவனிக்காத, ஆயினும் மிக முக்கியமான ஒன்று. மேற்கூறிய 19,912 ரூபாய் ஒரே கடனன்று. திருப்பியளித்த விலை, கூரியர், விளம்பரம் என்று அதில் பல கடன்கள் உள்ளன. திரும்பி வந்த பெல்ட்டுகளுள் சில தம்முடையவையே அல்ல, வேறு எவரோ செய்த பழைய பெல்ட்டை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று பட்டறைக்காரர் ஆட்சேபிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்சேபணை தீருமுன்பே அடுத்த மாத வரவு அக்கடனுக்கே முதலில் ஈடு செய்யப்பட்டால், வழக்குக்குரிய கடன் தீர்ந்துவிடுகிறது; வழக்கில்லாத விளம்பரக் கடன் நின்று வட்டி ஏறுகிறது. பின்னர் ஆட்சேபணை ஏற்கப்பட்டாலும், ஏறிய தாமதக் கட்டணம் தானாகத் திரும்புவதில்லை.

இதற்கு நமது சட்டத்தில் விடை இல்லாமல் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகளில் இதைப் பற்றியே பேசுகிறது. பல கடன்கள் உள்ள கடனாளி, இன்ன கடனுக்காக இதைச் செலுத்துகிறேன் என்று அறிவித்துச் செலுத்தினால், பெற்றுக்கொண்டவர் அதற்கே ஈடு செய்ய வேண்டும். அறிவிக்காவிடில், உண்மையில் செலுத்தத் தகுந்ததாகிவிட்ட சட்டபூர்வமான எந்தக் கடனுக்கும் கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி ஈடு செய்யலாம். இருவரும் எதுவும் செய்யாவிடில், கால வரிசைப்படி பழைய கடன் முதலில் தீரும். 'உண்மையில் செலுத்தத் தகுந்ததாகிவிட்ட' என்ற சொற்றொடரை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். தவணை நாளே குறிக்கப்படாத கடனை அவ்வாறு கருத முடியுமா என்ற வினா அங்கே எழுகிறது. தரப்பினர் வேறுவகையாக ஒப்பந்தம் செய்துகொள்ளத் தடையில்லை என்பதும், இணைய ஒப்பந்தத்தில் விற்பனையாளர் ஒரு பொத்தானை அழுத்தி அதற்கு இசைவு தந்துவிடுகிறார் என்பதும் உண்மையே.

விகிதத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். நிலையான தொகையாக விதிக்கப்படும் தாமதக் கட்டணம் சிறியவரைத்தான் அதிகம் தாக்கும். மாதம் 500 ரூபாய் என்றால், 19,912 ரூபாய்ப் பாக்கியில் அது இரண்டரை சதவீதம். 2,000 ரூபாய்ப் பாக்கியில் 25 சதவீதம். மேலும், தாமதத்திற்கான வட்டியும் கட்டணமும் அபராதமும் சேவையின் மதிப்பில் சேரும் என்று மத்தியச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுவதால், 500 ரூபாய் 590 ரூபாய் ஆகிறது. பதிவு பெற்று முறையாக வரி செலுத்துவோர் இந்த 90 ரூபாயை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாநிலத்துக்குள் இணையம் வழி விற்கும் சிறு விற்பனையாளர், குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், பதிவு பெறத் தேவையில்லை என்ற சலுகை 2023 அக்டோபர் 1 முதல் வந்தது. செம்பூரில் வீட்டிலிருந்தே பொடி விற்கும் பெண் இச்சலுகையினால் சந்தைக்குள் வர முடிந்தது. ஆனால் அவர் அந்த 90 ரூபாயைக் கைப்பொறுப்பாகவே ஏற்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் அபராதமாகக் குறித்த தொகை முழுவதையும் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இல்லை. நியாயமான ஈட்டுத்தொகையே கிடைக்கும், குறித்த தொகை அதன் மேல்வரம்பு மட்டுமே என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு கூறுகிறது. தவணை தவறிய நாள் முதல் கூடுதல் வட்டி என்ற ஏற்பாடும் அபராதமாகக் கருதப்படலாம் என்பது அப்பிரிவின் விளக்கம். எனினும் இப்பாதுகாப்பு, நீதிமன்றத்துக்கு வந்து கேட்க வேண்டியவர் கடன் கொடுத்தவராக இருக்கும்போதுதான் பயன் தரும். பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கழித்துக்கொண்டுவிட்டால், வழக்கிடும் சுமை பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. 500 ரூபாய்க்காக எவர் வழக்கிடுவார்?

ஆயினும் தாமதக் கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் உள்ளது. பாக்கி நிற்கும்போது பட்டுவாடா நிறுத்தப்படலாம், பொருள்களின் பட்டியல் மறைக்கப்படலாம், கணக்கே முடக்கப்படலாம், சந்தையின் கிடங்கில் உள்ள சரக்கை மீட்பதும் தாமதப்படலாம். தீபாவளி, ரம்ஜான் போன்ற பருவங்களை நம்பியுள்ள தொழிலில், பத்து நாள் முடக்கம் என்பது ஆண்டு வருமானத்தில் பெரும் பகுதி. நூற்றுக்கணக்கில் வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகளும் அம்முடக்கத்தில் மறைந்துபோகும். அவை கடையின் நற்பெயரைப் போன்றவை, வேறு சந்தைக்கு எடுத்துச் செல்ல முடியாதவை.

எதிர்த்திசையில் சட்டம் எவ்வளவு தெளிவு

இதே பட்டறைக்காரர் தம் பெல்ட்டுகளை ஒரு நிறுவனத்திற்கு மொத்தமாக விற்று, அந்நிறுவனம் பணம் தராமல் இழுத்தடித்தால் என்ன நேரும்? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு ஐயமற விடை கூறுகிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பினும், பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தம் இன்றேல் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வங்கி விகிதம் 6 சதவீதமாக இருப்பின் ஆண்டுக்கு 18 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டில் 1,19,562 ரூபாய் ஆகும். இச்சட்டத்திற்கு முன்னரும், 1993ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இத்துறையில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய தவணைக்குள் பணம் தராத வாங்குநர், உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் அதைத் தம் செலவாகக் காட்ட முடியும் என்று விதித்தது.

தாவாவைத் தீர்க்கும் இடம் பற்றியும் அச்சட்டம் பட்டறைக்காரருக்கு அனுகூலமாக உள்ளது. 18ஆம் பிரிவின்படி, வாங்குநர் இந்தியாவில் எங்கிருந்தாலும், சரக்கு அளித்தவர் இருக்கும் இடத்திலுள்ள வசதி மன்றமே விசாரிக்கலாம். இணையச் சந்தையின் ஒப்பந்தங்களிலோ, நிறுவனத்தின் தலைமையிடம் உள்ள நகரமே வழக்கிடும் இடமாகக் குறிக்கப்படுவது பெருவழக்கு. தாராவியிலிருந்து வேறு மாநிலத்திற்குச் சென்று 19,912 ரூபாய்க்கு வழக்காடுவது நடவாத காரியம்.

சந்தை நிறுவனம் இச்சட்டத்துக்கு உட்படாதா? தெளிவான விடை எளிதன்று. சந்தை வாங்குநர் அன்று, வாங்குபவர் வாடிக்கையாளர். சந்தை இடையில் நிற்கும் சேவையாளர். ஆகவே சந்தையின் கையில் தங்கும் பணத்துக்கு 45 நாள் விதி நேராகப் பொருந்தாது. அப்பணத்தைப் பற்றி ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் கட்டணத் திரட்டாளர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பேசின. திருப்பியளிக்கும் காலம் முடியும்வரை பணத்தை வைத்திருக்க ஒப்பந்தம் இருந்தால், அக்காலம் முடிந்த மறுநாளுக்குள் பட்டுவாடா செய்ய வேண்டும் என்று அவை கூறின. ஆனால் அவை பட்டுவாடாவுக்கு உரிய விதிகள். விற்பனையாளரிடம் வசூலிக்கும் தாமதக் கட்டணத்துக்கு உரியவையல்ல.

மாட்டுங்காவில் வாங்கி விற்கும் வணிகரின் நிலை இன்னும் மெலிவானது. சில்லறை, மொத்த வணிகத்தையும் இத்தொழில் வகைப்பாட்டில் 2021 ஜூலையில் அரசு சேர்த்தது உண்மை. ஆனால் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே அச்சேர்க்கை பயன்படும். தாமதப் பட்டுவாடா பற்றிய பாதுகாப்பு அவருக்கு இல்லை.

நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை நாடலாமா? 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகள் பெரும்பாலும் வாங்குபவரைக் காப்பவை. ஒரே வகையான விற்பனையாளர்களை வெவ்வேறாக நடத்தினால் அதைச் சந்தை வெளிப்படுத்த வேண்டும் என்ற ஏற்பாடு அவற்றுள் பயனுள்ள ஒன்று. வணிக நோக்கில் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது விதி. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதில் விலக்கு உண்டு. குடும்பத்தாருடன் தாமே அமர்ந்து தைக்கும் பட்டறைக்காரர் இவ்விலக்கைக் கோரிப் பார்க்கலாம். பத்துப் பேரைக் கூலிக்கு அமர்த்தியவருக்கு அது கடினம்.

போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் வெளியிட்ட மின்வணிக ஆய்வறிக்கை, ஒப்பந்த நிபந்தனைகளை ஒருதலையாக மாற்றுவது குறித்து விற்பனையாளர் கூறிய குறைகளைப் பதிவு செய்து, மாற்றங்களை முன்கூட்டியே அறிவிக்கும்படி சந்தைகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதே தவிர, கட்டளையிடவில்லை.

செய்யத்தக்கவை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறை, சந்தைக்கும் வணிகருக்கும் இடையிலான ஒப்பந்தம் எளிய, விளங்கும் மொழியில் இருக்க வேண்டும், நிபந்தனை மாற்றத்திற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கணக்கை அறவே நீக்குவதாயின் 30 நாள் முன்னதாகக் காரணம் கூற வேண்டும் என்று விதித்தது. ஜப்பானும் 2021 பிப்ரவரியில் இதையொத்த சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இவற்றை அப்படியே பெயர்த்து நட வேண்டியதில்லை. நம்மிடமே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்மாதிரி இருக்கிறது: தொகை, தவணை நாள், விகிதம் மூன்றையும் எழுதிக் கொடு என்பது. இணையச் சந்தையின் ஒவ்வொரு கணக்கு அறிக்கையின் மேலும் இம்மூன்றும், இவற்றோடு வரவு எந்தக் கடனுக்கு ஈடு செய்யப்பட்டது என்பதும், விற்பனையாளர் தெரிந்தெடுத்த மொழியில் அச்சிடப்பட வேண்டும் என்று விதிப்பதற்குப் பெரும் செலவு எதுவும் ஆகாது. ஆட்சேபிக்கப்பட்ட தொகைமீது முடிவு தெரியும்வரை தாமதக் கட்டணம் ஓடலாகாது என்பதையும் சேர்க்கலாம். சந்தைகளின் வாதத்திலும் நியாயம் உண்டு: பாக்கி வைத்துவிட்டு வேறு பெயரில் புதுக் கணக்குத் தொடங்கும் விற்பனையாளரும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வலுவான வசூல் முறை தேவைப்படலாம். தெளிவற்ற முறை தேவைப்படுவதில்லை.

அரசே நடத்தும் கொள்முதல் சந்தை இதில் வழிகாட்டலாம். 2016 ஆகஸ்டு 9இல் தொடங்கப்பட்ட அரசு மின்சந்தை, 2024 ஆகஸ்டில் தன் பரிவர்த்தனைக் கட்டணங்களைக் குறைத்தபோது, 10 லட்சம் ரூபாய் வரையிலான ஆணைகளுக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. விரலை மடக்கிக் கணக்கிடத்தக்க விதி அது. தாமதம் பற்றிய விதிகளும் அதே எளிமையோடு எழுதப்படலாம்.

சட்டம் வரும்வரை பட்டறைக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்டத் தொழில் மைய அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கச் செயலர்களும் அதைக் கற்பிக்கலாம். கணக்கு பற்றில் விழுந்தவுடன், வரவு வைக்கப்படும் தொகை இன்னின்ன கடனுக்கே சேர வேண்டும், இன்ன தொகை ஆட்சேபணையில் உள்ளது என்று, 59ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, சந்தையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் அறிவிப்பது. ஒப்பந்தம் வேறுவகையாகக் கூறியிருப்பின் இது முழுப் பயன் தராது. எனினும், எந்த நாளில் எந்தத் தொகை குறித்து ஆட்சேபணை எழுந்தது என்பதற்கு இதுவே சான்று. நான்கு வரிக் கடிதம் போதும். தமிழில் எழுதி, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள கணக்கர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலமாக்கி அனுப்பலாம். அதை அனுப்ப உகந்த காலம் திரும்பு சரக்கு குவியத் தொடங்கும் கார்த்திகை மாதம். அடுத்த பருவத்துத் தோலுக்கு முன்பணம் கொடுத்த பின்பு அன்று.